ஸ்கோப் பொருத்திய ரைஃபிளில் கன்னம் பதியும் இடம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஒன்டாரியோவின் வடபகுதியில் மான் வேட்டைக்குச் செல்பவன் நான். சென்ற ஆண்டு .308 வின்செஸ்டர் தோட்டா போடும், போல்ட் என்னும் தாழ்ப்பாளைக் கையால் இழுத்துத் தள்ளி இயக்கும் போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள் ஒன்றை வாங்கி, 3 முதல் 9 மடங்கு வரை பெரிதாக்கிக் காட்டும் முன்கண்ணாடி 50 மி.மீ. அகலமுள்ள ஸ்கோப்பை (குறிபார்க்கும் தொலைநோக்கியை) அதில் பொருத்தினேன். கன்னத்தை ஸ்டாக்கின்மீது, அதாவது தோளில் பதியும் அடிக்கட்டையின்மீது, சாய்த்தால் கண் ஸ்கோப்பின் மையத்துக்குக் கீழேயே நின்றுவிடுகிறது. தலையை உயர்த்தினால் படம் நன்றாகத் தெரிகிறது. ஆனால் அப்போது தாடை மட்டுமே கட்டையில் படுகிறது, சிறிது நேரத்தில் கழுத்தும் பிடித்துக்கொள்கிறது. கடையில் கேட்டால் போகப்போகப் பழகிவிடும் என்கிறார்கள். அப்படியே விட்டுவிடலாமா?
– வாசகர், சட்பரி

பதில்: விட்டுவிட வேண்டாம். உங்கள் முகத்துக்கும் அந்த ரைஃபிளுக்கும் இடையே ஏறத்தாழ ஒரு விரற்கடை உயரம் குறைகிறது. அந்தக் குறையைக் கழுத்தை நீட்டி ஈடுகட்டுவதைவிட ரைஃபிளிலேயே சரிசெய்துவிடுவதுதான் முறை. அதற்குப் பெரிய செலவும் ஆகாது.

ஸ்டாக்கின் மேல்விளிம்பு எவ்வளவு தாழ்ந்திருக்க வேண்டும் என்னும் கணக்கு, குழலின்மேல் உள்ள இரும்புக் குறியை வைத்துச் சுட்ட காலத்தில் உருவானது. 1894-ல் வந்த வின்செஸ்டர் லீவர் ரைஃபிளைப் பாருங்கள்: குறிமுனை குழலை ஒட்டியே இருப்பதால், கண்ணும் அதே தாழ்வுக்கு இறங்கும்படி அடிக்கட்டை கீழ்நோக்கிச் சரிந்து செல்லும். ஸ்கோப் வந்ததும் பார்வைக்கோடு உயர்ந்துவிட்டது. சாதாரண வேட்டை ரைஃபிளில் ஸ்கோப்பின் மையம் குழலின் மையத்துக்கு மேலே ஏறத்தாழ ஒன்றரை அங்குலம், அதாவது 38 மி.மீ. உயரத்தில் நிற்கும், முன்கண்ணாடி பெரிதாகப் பெரிதாக, அது குழலில் இடிக்காமலிருக்க ஸ்கோப்பைப் பிடிக்கும் வளையங்களையும் உயரமாகப் போட வேண்டியிருப்பதால், உங்களுடையதைப் போன்ற 50 மி.மீ. ஸ்கோப்பில் அந்த உயரம் இன்னும் கூடும். இன்றைய ஸ்டாக்குகள் பழையவற்றைவிட நேரானவைதாம் என்றாலும், எல்லா முகத்துக்கும் பொதுவாக ஒரே அளவில் செய்யப்படுபவை. கன்ன எலும்புக்கும் கண்ணுக்கும் இடையிலான தூரமோ ஆளுக்கு ஆள் மாறும்.

கன்னம் பதியாவிட்டால் என்ன கெடும் என்பதைப் பற்றிச் சில மிகையான கருத்துகளும் புழங்குகின்றன. கண் மையத்திலிருந்து விலகும்போது ஸ்கோப்புக்குள் தெரியும் குறுக்கிழை இலக்கின்மேல் நகர்வதுபோல் தெரியும் பாரலாக்ஸ் பிழைதான் பெரிய ஆபத்து என்பார்கள். கணக்குப் பார்த்தால், 100 கெஜத்துக்குப் பாரலாக்ஸ் சரிசெய்த 50 மி.மீ. ஸ்கோப்பில், கண் ஓரத்துக்கே போய்விட்டாலும் 200 கெஜத்தில் பிழை 25 மி.மீ. அளவில்தான் நிற்கும். மானின் இதயமும் நுரையீரலும் அடங்கிய பகுதி அதைப்போல் பல மடங்கு அகலமானது. என்னைக் கவலைப்படுத்துபவை வேறு. கட்டையில் சாயாத தலையைக் கழுத்துத் தசைகளே தாங்க வேண்டியிருக்கிறது. அவை களைக்கக் களைக்கக் குறுக்கிழையும் அலையத் தொடங்கும். மான் மரங்களுக்கிடையே நின்று பார்ப்பது சில விநாடிகள். அந்த நேரத்தில் முகத்தை மேலும் கீழும் நகர்த்திப் படத்தைத் தேடிக்கொண்டிருப்பவர் கடைசியில் அவசரப்பட்டு விசையை இழுத்துவிடுவார். கன்னத்துக்கும் கட்டைக்கும் நடுவே இடைவெளி இருந்தால், பின்னுதைப்பில் கட்டை எழும்பி வந்து கன்ன எலும்பில் அடிக்கும். ஓரிரு முறை அப்படி அடி வாங்கியவர், அடுத்த முறை விசை இழுபடும் முன்பே கண்ணை மூடித் தோளைச் சுருக்கிக்கொள்வார். காயத்தோடு ஓடிப்போய் எங்கோ புதருக்குள் இரவெல்லாம் கிடந்து சாகும் மான்களில் சிலவற்றுக்காவது இந்த அவசரமும் அச்சமும்தான் காரணம். வேட்டைக்குச் செல்பவர் அந்த விலங்குக்குச் செலுத்த வேண்டிய முதற்கடன், ஒரே தோட்டாவில் முடிப்பது. கன்னப் பொருத்தத்தை அந்தக் கடனின் ஒரு பகுதியாகவே நான் கருதுகிறேன்.

இனிச் சோதனைக்கு வருவோம். தோட்டா அறையும் மேகஸினும் காலியாக இருப்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்து, தோட்டாக்களை வேறு அறையில் வைத்துவிட்டு, குழல் வாயைப் பாதுகாப்பான திசையில் நிறுத்திக்கொள்ளுங்கள். நவம்பரில் காட்டுக்குப் போட்டுச் செல்லும் அதே தடித்த கோட்டையும் தொப்பியையும் அணியுங்கள். வீட்டில் சட்டையோடு பார்த்த பொருத்தம் காட்டில் நிற்காது. ஏனெனில் கோட்டின் தடிப்பு ரைஃபிளை முன்னே தள்ளி, கன்னம் பதியும் இடத்தையும் கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் உள்ள தூரத்தையும் மாற்றிவிடும். ஸ்கோப்பை 9 மடங்கில் வையுங்கள். 3 மடங்கில் கண்ணுக்கு வரும் ஒளிவட்டம் அகலமாக இருப்பதால் கண் சற்று விலகினாலும் படம் தெரிந்துகொண்டேயிருக்கும். 9 மடங்கில் அது ஏறத்தாழ 5.5 மி.மீ. ஆகச் சுருங்குவதால் சிறிய குறையும் உடனே வெளிப்படும்.

கண்களை மூடிக்கொண்டு ரைஃபிளைத் தோளில் ஏற்றி, கன்னத்தை இறுக்கமில்லாமல் கட்டையில் சாயவிட்டு, பிறகு கண்ணைத் திறங்கள். விளிம்புவரை முழு வட்டமும் ஒளியோடு தெரிந்தால் பொருத்தம் சரி. தலையை உயர்த்தினால்தான் வட்டம் நிறைகிறது என்றால் மேல்விளிம்பு தாழ்வாக இருக்கிறது. கன்னத்தை அழுத்தினால்தான் நிறைகிறது என்றால் உயரமாக இருக்கிறது. முகத்தை முன்னே பின்னே நகர்த்தினால்தான் நிறைகிறது என்றால் கட்டையைத் தொட வேண்டாம். ஸ்கோப்பை வளையங்களுக்குள் நகர்த்தினால் போதும். பெரும்பாலான வேட்டை ஸ்கோப்புகள் கண்ணுக்கும் பின்கண்ணாடிக்கும் இடையே மூன்றரை அங்குல அளவு இடைவெளிக்கு அமைக்கப்பட்டவை. அதைவிட மிகவும் நெருங்கிவிட்டால் பின்னுதைப்பில் ஸ்கோப்பின் விளிம்பு புருவத்தைக் கிழித்துவிடும். இந்தச் சோதனையை நீங்கள் உண்மையில் சுடும் நிலையிலேயே செய்யுங்கள். பரணில் உட்கார்ந்து சுடுபவர் மேசைமேல் குனிந்து பொருத்தம் பார்ப்பதில் பயனில்லை. குப்புறப் படுத்தாலோ தலை தானாகவே முன்னே சரிந்துவிடும்.

கட்டையை உயர்த்தும் முன், ஸ்கோப்பைத் தாழ்த்த முடியுமா என்று பாருங்கள். பலர் இந்தப் படியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். முன்கண்ணாடிக் கூட்டுக்கும் குழலுக்கும் நடுவே, மூடியைப் போட்ட பிறகு 2 அல்லது 3 மி.மீ. இடைவெளி இருந்தால் போதும். உங்களுடையதில் அதற்கு மேல் இருந்தால், தாழ்ந்த வளையங்களை வாங்கிப் போடுங்கள். மாற்றிய பின், போல்ட் கைப்பிடி மேலே எழும்போது ஸ்கோப்பின் பின்பகுதியில் இடிக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். 50 மி.மீ. ஸ்கோப்பைக் கொடுத்துவிட்டு 40 மி.மீ. வாங்கினால் மையம் 5 மி.மீ. வரை இறங்க இடம் கிடைக்கும். மங்கல் வெளிச்சத்துக்காகத்தான் பெரியதை வாங்கினேன் என்று நீங்கள் சொல்லக்கூடும். ஒன்டாரியோவில் சூரிய உதயத்துக்கு அரைமணி முன்பிருந்து மறைவுக்கு அரைமணி பின்பு வரை வேட்டையாடலாம் என்பதால் அது நியாயமான எண்ணமே. ஆனால் 40 மி.மீ. ஸ்கோப்பை 6 மடங்கில் வைத்தாலே 6.7 மி.மீ. ஒளிவட்டம் கிடைக்கும். நடுவயதைத் தாண்டியவரின் கண்பாவை அந்த அளவுக்கு விரிவதே அரிது.

இவ்வளவும் செய்த பிறகும் உயரம் குறைந்தால்தான் கட்டைக்கு வர வேண்டும். எடுத்த எடுப்பில் எதையும் வாங்காதீர்கள். பழைய யோகா பாய் ஒன்றிலிருந்து மேல்விளிம்பின் அகலத்துக்கு நீண்ட பட்டைகளாக வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, கிரேப் பேண்டேஜால் கட்டையோடு சேர்த்துச் சுற்றுங்கள். ஒரு பட்டை வைப்பதும், கண்ணை மூடி ஏற்றிப் பார்ப்பதும், போதாவிட்டால் இன்னொன்றைச் சேர்ப்பதுமாகச் சென்றால், எந்த அடுக்கில் வட்டம் தானாக நிறைகிறது என்பது தெரிந்துவிடும். பட்டைகளை மேற்புறத்தில் மட்டும் வையுங்கள். பக்கவாட்டில் வழிந்து தொங்கினால் அந்தத் தடிப்பு முகத்தை இடப்பக்கம் தள்ளி, உயரம் சரியாக இருந்தும் வட்டத்தின் ஒரு பக்கத்தில் கறுப்பு விழச் செய்யும். அமெரிக்கப் படையின் எம்1 காரண்ட் ரைஃபிளில் தோட்டாக்கட்டு மேலிருந்து நுழைய வேண்டியிருந்ததால், குறிபார்த்துச் சுடுவோருக்கான வகையில் ஸ்கோப்பை இடப்பக்கம் தள்ளிப் பொருத்தினார்கள். அதற்கென்றே கட்டையில் கட்டும் தோல் திண்டு ஒன்றைக் கொடுத்து முகத்தையும் இடப்பக்கம் தள்ளிவைத்தார்கள். உங்கள் ஸ்கோப் நடுவில் இருப்பதால் அந்தத் தள்ளல் உங்களுக்குத் தேவையில்லை.

சரியான தடிப்பு தெரிந்த பின் அதை ஓர் அளவுகோலால் அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். உள்ளே நுரைத் துண்டுகளைக் கூட்டிக் குறைக்கக்கூடிய நியோப்ரீன் உறை பெரும்பாலானோருக்குப் போதும். கட்டையில் துளை போட வேண்டியதில்லை, இருபது டிகிரி உறைகுளிரிலும் கன்னத்தில் சில்லிடாது. நைலான் பட்டையால் கட்டும் சீக் பேடும் (கன்னத் திண்டும்) நல்லதே, ஆனால் பட்டை தளர்ந்தால் பின்னுதைப்புக்குப் பின்னுதைப்பு அது நகர்ந்துகொண்டே போகும். சூடாக்கி வளைத்த கைடெக்ஸ் என்னும் பிளாஸ்டிக் தகடு உறுதியானது; திருகாணிகளை முடுக்கி உயரத்தை மாற்றலாம்; ஆனால் கட்டையைத் துளைக்க வேண்டும், அதிலும் உள்ளே வெறுமையான பிளாஸ்டிக் கட்டையாக இருந்தால் திருகாணி இறுகும்போது பக்கங்கள் நசுங்காமலிருக்க உள்ளே குழாய்த் துண்டு ஒன்றைத் தாங்கலாக வைக்க வேண்டும். புதிய ரைஃபிள் வாங்கும் எண்ணம் உள்ளவர்கள், மேல்விளிம்பை மாற்றிப் போடக்கூடிய கட்டையோடு வருவதையே வாங்கிவிடலாம். சாவேஜ் நிறுவனம் 2018-ல் தன் 110 வரிசையில் அக்யூஃபிட் என்ற பெயரில் அப்படி ஒன்றைக் கொண்டுவந்தது.

எதைப் பொருத்தினாலும், பணம் கொடுக்கும் முன் ஒன்றைச் சோதித்துவிடுங்கள்: போல்ட்டை முழுவதும் பின்னுக்கு இழுத்து வெளியே எடுக்க முடிகிறதா? உயர்த்திய மேல்விளிம்பின் முன்முனை போல்ட் வரும் வழியில் நின்றுவிட்டால், குழலைத் துடைக்கும் ஒவ்வொரு முறையும் திண்டைக் கழற்ற வேண்டியிருக்கும். சுடும்போதே போல்ட் அதில் உரசினால் இரண்டாவது தோட்டா ஏறாமலும் போகலாம். திண்டைச் சற்றுப் பின்தள்ளிக் கட்டினாலோ, முன்முனையில் போல்ட் புகும் அளவுக்கு ஒரு வெட்டு விட்டாலோ இது தீரும். எல்லாம் முடிந்ததும் சுடுதளத்துக்குச் சென்று ஸீரோவை, அதாவது குறுக்கிழை காட்டும் இடத்திலேயே தோட்டா விழுகிறதா என்பதை, கட்டாயம் சரிபாருங்கள். ஸ்கோப்பைக் கழற்றி மாட்டியிருந்தால் அது மாறியிருக்கும். கழற்றாவிட்டாலும் தலை நிற்கும் இடம் மாறியதால் தோட்டா விழும் இடம் சற்று நகர்ந்திருக்கலாம்.

கேள்வி: எங்கள் குடும்பத்தில் கைமாறி வந்த லீ-என்ஃபீல்டு நம்பர் 4 ரைஃபிளில் ஸ்கோப் பொருத்தியிருக்கிறேன். கன்னம் கட்டைக்கு வெகு மேலே நிற்கிறது. கட்டையை அறுத்து உயர்த்தலாமா?
– வாசகர், நார்த் பே

பதில்: அறுக்காதீர்கள். டொராண்டோ அருகே லாங் பிராஞ்ச் தொழிற்சாலையில் இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் செய்யப்பட்ட ரைஃபிளாக அது இருக்கக்கூடும். முத்திரைகளைப் பார்த்தால் தெரியும். 1947-ல் தொடங்கப்பட்ட கனடியன் ரேஞ்சர்ஸ் படையினர், 2018 முதல் டிக்கா டி3எக்ஸ் ரைஃபிளை அடிப்படையாகக் கொண்ட சி-19 கைக்கு வரத் தொடங்கும் வரை, வடக்கே இந்த வகையைத்தான் சுமந்து திரிந்தார்கள். அதன் கட்டை இரும்புக் குறிக்காகவே செதுக்கப்பட்டது. ஸ்கோப் பொருத்தினால் கன்னம் எட்டாது என்பதைச் செய்தவர்களே அறிந்திருந்தார்கள். அதனால்தான் குறிபார்த்துச் சுடுவோருக்கான நம்பர் 4 (டி) வகையில், மரத்தாலான கன்னத் தாங்கல் ஒன்றை மேல்விளிம்பில் திருகாணியால் முடுக்கிக் கொடுத்தார்கள்.

உங்களுக்குக் கயிறு கோத்துக் கட்டும் தோல் திண்டே ஏற்றது. மரத்தில் ஒரு கீறலும் விழாது. வேட்டைக்காலம் முடிந்ததும் அதை அவிழ்த்துவிடுங்கள். தோல் ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்வதால், மாதக்கணக்கில் கட்டியே வைத்தால் அடியிலுள்ள மரம் கறுக்கும், அருகிலுள்ள இரும்பு துருவேறும். நிலையான மாற்றம்தான் வேண்டுமென்றால் வேறொரு அடிக்கட்டையை வாங்கி அதில் செய்யுங்கள். லீ-என்ஃபீல்டின் அடிக்கட்டை தனித் துண்டாக, உள்ளே செல்லும் ஒரு நீண்ட திருகாணியால் பிடிக்கப்பட்டிருப்பது. படைவீரரின் கைநீளத்துக்கேற்பக் குட்டை, நடுத்தரம், நெட்டை என்று அளவு அளவாகவே கொடுத்தார்கள். கழற்றி மாற்றுவதைத் துப்பாக்கி வேலை தெரிந்தவரிடம் விடுங்கள்; பழைய கட்டையைத் துணியில் சுற்றிப் பத்திரப்படுத்திவிடுங்கள்.

கேள்வி: நான் அணிவது மேலே தூரப்பார்வையும் கீழே கிட்டப்பார்வையுமாக உள்ள புரோகிரஸிவ் மூக்குக்கண்ணாடி. ஸ்கோப்பில் படம் சில நேரம் தெளிவாகவும் சில நேரம் கலங்கலாகவும் தெரிகிறது.
– வாசகர், ஓஷாவா

பதில்: தலை முன்னே குனியும்போது நீங்கள் கண்ணாடியின் மேல்விளிம்பு வழியாகவும், சற்று நிமிரும்போது நடுப்பகுதி வழியாகவும் பார்க்கிறீர்கள். கன்னம் ஒரே இடத்தில் பதியாதவரை இது மாறிக்கொண்டேதான் இருக்கும். மேல்விளிம்பைச் சிறிது உயர்த்தித் தலையை நிமிர்ந்த நிலைக்குக் கொண்டுவாருங்கள். பிறகு ஸ்கோப்பின் பின்முனை வளையத்தைத் திருகி, வெளிறிய வானத்தை நோக்கிக் குறுக்கிழை பளிச்சென்று தெரியும்படி வையுங்கள். சூரியன் இருக்கும் பக்கம் திருப்பவே கூடாது. தூரப்பார்வைக்கு மட்டுமான தனிக் கண்ணாடி ஒன்றை வேட்டைக்கென வைத்துக்கொண்டால் தொல்லை பெருமளவு தீரும்.

கேள்வி: என் மகளுக்குப் பதின்மூன்று வயது. பயிற்சி வேட்டைத் திட்டத்தில் சேர்ந்திருக்கிறாள். நானும் அவளும் ஒரே ரைஃபிளைத்தான் பயன்படுத்துகிறோம். அவள் இடக்கைப் பழக்கம் உள்ளவள். இருவருக்கும் எப்படிப் பொருத்துவது?
– வாசகர், பிராம்ப்டன்

பதில்: ஒன்டாரியோவில் பன்னிரண்டு வயதிலிருந்தே பெரியவரின் நேரடி மேற்பார்வையில் வேட்டை பழகலாம் என்பதால் இந்தக் கேள்வி பலருக்கும் எழும். உங்கள் கட்டையின் இடப்பக்கத்தில் கன்னத்துக்கென்று ஒரு புடைப்பு இருந்தால், அது வலக்கையால் சுடுபவருக்கு உரியது. உங்கள் மகளின் கன்னம் படுவது மறுபக்கம். இருபுறமும் ஒரே மாதிரியான, நேரான மேல்விளிம்புள்ள கட்டைதான் இருவருக்கும் பொது. அதைவிட முக்கியம் கட்டையின் நீளம். கடைகளில் வரும் கட்டைகள் விசையிலிருந்து பின்முனை வரை பெரும்பாலும் பதின்மூன்றரை அங்குலத்துக்கு மேல். அந்த நீளத்தில் அவள் கழுத்தை முன்னே நீட்டித்தான் ஸ்கோப்பை எட்டுவாள், கன்னம் எங்கும் நிலைக்காது. நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் துண்டுகள் உள்ள கட்டையை வாங்கி, முதலில் நீளத்தையும் பிறகு உயரத்தையும் அவளுக்கேற்ப அமையுங்கள். ஒரு ரைஃபிளை இருவர் மாற்றி மாற்றிப் பயன்படுத்துவதானால் அவளுக்குச் சரியாக வைத்துவிட்டு நீங்கள் அனுசரித்துக்கொள்வதே நல்லது. புதிதாகப் பழகுபவருக்குக் கன்னத்தில் விழும் முதல் அடி நெடுநாள் மனத்தில் நிற்கும்.

கேள்வி: சீக் பேட் கட்டிய பிறகு படம் உடனே தெரிகிறது. ஆனால் கடுமையாக உதைக்கும் .300 வின்செஸ்டர் மேக்னம் தோட்டாவில் ஒவ்வொரு முறையும் கன்ன எலும்பில் அடி விழுகிறது.
– வாசகர், தண்டர் பே

பதில்: உயரம் சரியாகிவிட்டது, சரிவு சரியாகவில்லை. உங்கள் கட்டையின் மேல்விளிம்பு முன்னே உயர்ந்தும் பின்னே தாழ்ந்தும் இருக்கும். அதன்மேல் ஒரே தடிப்புள்ள திண்டைக் கட்டியதால் அதே சரிவு அப்படியே மேலே ஏறிவிட்டது. சுட்டதும் ரைஃபிள் பின்னே வருகிறது. முன்னாலிருந்த உயரமான பகுதி உங்கள் கன்னத்தின் அடியில் வந்து முட்டுகிறது. 1945-ல் தொடங்கிய வெதர்பி நிறுவனம் தன் மேக்னம் ரைஃபிள்களுக்கு முன்நோக்கித் தாழும் மேல்விளிம்பை வைத்தது இதனால்தான்: ரைஃபிள் பின்னே வரவர மேல்விளிம்பு கன்னத்தைவிட்டு விலகிப் போகும்.

திண்டை அவிழ்த்து, உள்ளே இருக்கும் நுரைத் துண்டுகளில் மெல்லியதை முன்பக்கமும் தடித்ததைப் பின்பக்கமுமாக மாற்றி அடுக்குங்கள். மேல்விளிம்பு குழலுக்கு இணையாகவோ, முன்பக்கம் ஓரிரு மி.மீ. தாழ்ந்தோ இருக்க வேண்டும். நீண்ட அளவுகோல் ஒன்றை அதன்மேல் கிடத்திப் பக்கவாட்டிலிருந்து பார்த்தால் தெரியும். கன்னம் பதியும் புள்ளியில் மொத்த உயரம் பழையபடியே இருக்கட்டும். மேக்னம் தோட்டாவில் தலையைக் கட்டைக்கு மேலே மிதக்கவிடுவதும் எலும்பு நோக அழுத்துவதும் இரண்டுமே அடியைக் கூட்டும். கன்னத்தின் சதை நெகிழ்ந்து படியும் அளவுக்கு மட்டும் சாயுங்கள். பின்முனை ரப்பர் திண்டு பழசாகி இறுகியிருந்தால் அதையும் மாற்றிவிட்டு, சுடுதளத்தில் மூன்று தோட்டாக்களோடு நிறுத்திக்கொண்டு, கன்னம் எப்படி இருக்கிறது என்று பார்த்த பிறகு மீதியைச் சுடுங்கள்.